நன்றியுரை: டாக்டர் தெய்வநாயகி

அழைப்பிதழ் வந்த அன்று காலையிலிருந்து தெய்வநாயகி மூன்று பேரைத் தூங்க வைத்து, மூன்று பேரையும் பத்திரமாக எழுப்பியும் விட்டிருந்தாள். மயக்க டாக்டர் வேலை அதுதான். தூங்க வைக்க யாராலும் முடியும், எழுப்புவதில்தான் சூட்சுமம் என்று அவள் சொல்வதுண்டு. யார் காதில் விழுந்தது? கத்தி பிடித்த டாக்டரை ஊரே கையெடுத்துக் கும்பிடும். தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, கண் விழித்தவன் கேட்பது ஒன்றுதான். "ஆரு, நர்சம்மாவா? கொஞ்சம் தண்ணி குடுங்க."

நாமக்கல்லுக்கு மேற்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினாறு வருசமாக அவளுக்கு இந்தப் பிழைப்பு. கை ஈரம் உலருவதற்குள் உறையைப் பிரித்தாள். ரோஸ் நிற அட்டை, ஓரமெல்லாம் மாவிலைத் தோரணம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. 'மேற்கு வட்டார மயக்கவியலர் கழகம், ஆறாம் ஆண்டு மாநாடு, சேலம். 1983 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. இவ்வாண்டின் பொருள்: மகப்பேறும் மயக்க மருந்தும்.'

கீழே பேச்சாளர் பட்டியல். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். பதினொரு பேர். பதினொன்றும் ஆண். கழகத்தில் உறுப்பினர் அறுபது பேர், அதில் இருபத்தாறு பேர் பெண்கள். பேசப் போவதோ பிள்ளைப்பேற்றைப் பற்றி. பிரசவ வலியைப் பற்றிப் பேசப் போகிறவர் ஐம்பது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. 'கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம்' என்ற தலைப்புக்கு நேராகக் கழகத் தலைவர் டாக்டர் சென்னியப்பன் பெயர் இருந்தது. அவர் பிரசவ மேசைப் பக்கம் தலை வைத்துப் படுத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். சேலத்தில் சொந்த நர்சிங் ஹோம், நாமக்கல்லில் மூன்று லாரி. மனுசனுக்கு லாரியின் டயர் அழுத்தம் வேண்டுமானால் ஒருவேளை தெரியலாம்.

விரல் அட்டையின் அடிக்கு வந்துவிட்டது. 'நன்றியுரை: டாக்டர் (திருமதி) தெய்வநாயகி ராசப்பன். நாட்டுப்பண்.' அதற்கும் கீழே பொடி எழுத்தில், மகளிருக்குக் கோலப்போட்டி உண்டு என்று ஒரு குறிப்பு.

அவளுக்கு மேடை ஆசை எல்லாம் கிடையாது. நாலு மாதத்துக்கு முன்னால் பன்னிரண்டு பக்கம் கைப்பட எழுதிக் கட்டுரை அனுப்பியிருந்தாள். ஆறு வருசத்து உழைப்பு. அதை இந்த அறுபது பேர் காதில் போடாவிட்டால், அறுபது ஊரில் எந்த மேசையில் வேண்டுமானாலும் இன்னொரு பொன்னாயி சாகலாம்.

பொன்னாயி ஜேடர்பாளையத்துக்காரி. எழுபத்தாறில் மூன்றாவது பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை குறுக்கே கிடந்ததால் வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும் என்றார்கள். தெய்வநாயகிதான் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, மல்லாக்கப் படுக்க வைத்தாள். ஐந்து நிமிசத்தில் பொன்னாயி முனகினாள்.

"அம்மா, நெஞ்சை அடைக்குதுங்க. ஒருக்களிச்சுப் படுத்துக்கட்டுங்களா?"

"அசையாமப் படு சாமி. இன்னும் செத்த நேரந்தான்" என்றாள் தெய்வநாயகி. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பொன்னாயியும் நல்ல பெண்ணாக அசையாமல் படுத்திருந்தாள். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. ஏற்றிய மருந்து எதுவும் எடுபடவில்லை. தாயும் தங்கவில்லை, பிள்ளையும் தங்கவில்லை.

தெய்வநாயகிக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. பிறகு கிடைத்த புத்தகத்தை எல்லாம் புரட்டினாள். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் நாலே வரியில் இருந்தது விசயம். நிறைமாதக்காரியை மல்லாக்கப் போட்டால், கீழிருந்து இதயத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயைக் கர்ப்பப்பை நசுக்கிவிடும். வலது இடுப்புக்கு அடியில் எதையாவது கொடுத்து இடப்பக்கம் சாய்த்தால் போதும். பொன்னாயி வாய்விட்டுக் கேட்டதும் அதைத்தானே! அன்றிலிருந்து தன் மேசையில் ஏறிய ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் போர்வையைச் சுருட்டி வைத்தாள். ஒவ்வொருத்தியின் அழுத்தத்தையும் நோட்டில் எழுதினாள். இருநூற்றுப் பதினாலு பேர். ஒருத்திகூடப் போகவில்லை.

அடுத்த நாளே சேலத்துக்குப் பஸ் ஏறிச் செயலாளர் மருதாசலத்தைப் போய்ப் பார்த்தாள். மருதாசலம் அவளிடம் வேலை பழகியவன், எட்டு வருசம் இளையவன். வாய் நிறைய அக்கா என்பான். அக்கா என்று கூப்பிட்டே நூறு வேலை வாங்கிவிடுவான்.

"வாங்க்கா வாங்க! காப்பி சொல்லட்டுங்களா?"

"காப்பி கெடக்கட்டும். என்ர கட்டுரை என்னாச்சு?"

"பிரமாதமுங்க்கா! கமிட்டியில எல்லாருமே ஒரே வாயா நல்லாருக்குதுன்னுட்டாங்க."

"அப்பறம் ஏன் பேரைக் காணோம்?"

மருதாசலம் மேசையில் கிடந்த பேனாவை மூடினான், திறந்தான், மறுபடியும் மூடினான். "தலைவரு அதே தலைப்புல பேசறேன்னுட்டாருங்க்கா. ஒரே தலைப்புல ரெண்டு பேரு பேசுனா நல்லாருக்குமா, நீங்களே சொல்லுங்க."

"செரி, போர்வை வெக்கறதையாச்சும் சொல்லுவாரா?"

"அதெப்படிங்க்கா? அவரு வெளிநாட்டு ஊசியப் பத்திப் பேசறாரு. போர்வை, துணிமூட்டைன்னு பேசுனா மாநாட்டுக்கு ஒரு மருவாதி வேண்டாமுங்களா? அதுமில்லாம, பொம்பளைங்க கொரலு கடேசி வரிசைக்குக் கேக்காதுன்னு கமிட்டியில ஒரு அபிப்பிராயம்."

"நன்றியுரை மட்டும் கேக்குமாக்கும்?"

"நன்றியுரைய ஆருங்க்கா கேக்கறா?" என்றான் மருதாசலம், மனசில் பட்டதை அப்படியே. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்லீங்க்கா, வருசா வருசம் லேடீஸ்தானுங்களே சொல்றாங்க. உங்க வாயால சொன்னா ஒரு களை."

கையோடு ஒரு தாளையும் நீட்டினான். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற பட்டியல். "ஒருத்தர் பேரையும் உட்டுறாதீங்க்கா. போன வருசம் சௌண்ட் சர்வீஸ் ஆண்டி பேரை உட்டுப்போட்டாங்க. இந்த வருசம் வரவே மாட்டேன்னு ஒரே புடி. கையைக் காலைப் புடிச்சுக் கூட்டியாந்திருக்கறோம். அப்பறம் கர்னலு. நாட்டுப்பண்ணு முடியாம ஒரு ஆளு எந்திரிச்சுப் போனாலும் அவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துரும். போன வருசம் பந்திக்கு ஓடுன தலைவரையே கதவுகிட்ட நிறுத்திப்போட்டாரு. அதனால நீங்க ரெண்டே நிமிசத்துல முடிச்சுப்போடோணும்."

கர்னல் ரங்கன் ராணுவ ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் மயக்க மருந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். மாநாட்டின் நிரந்தரச் சிறப்பு விருந்தினர். பீரங்கி வெடித்தாலும் இமைக்காத மனுசன் என்று பெயர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தெய்வநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து பொருமிக்கொண்டு வந்தாள். மல்லூர் தாண்டியதும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். கர்னல், தலைவர், பேச்சாளர் பதினொருவர், சமையல்காரர், பத்திரிகைக்காரர், கடைசியில் ஒலிபெருக்கி ஆண்டி. ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு தனக்குத்தானே சிரித்தாள். பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மாநாட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் புருசன் ராசப்பன் கேட்டான். அவன் போர்வெல் ரிக் வண்டிக்காரன். வருசத்தில் எட்டு மாதம் ஆந்திராவில் கிணறு தோண்டுகிறவன், தப்பித் தவறி அன்றைக்கு ஊரில் இருந்தான். "ஏம்மிணி, பேச்செல்லாம் எழுதியாச்சா?"

"பேச்செங்க? நன்றிதானுங்க சொல்லப் போறேன்."

"எத்தனை நிமிசம்?"

"முடியற வரைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சேலம் கல்யாண மண்டபத்தின் வாசலில், சட்டையில் ரோஜாப்பூக் குத்திய ஒரு தொண்டர் அவளை மறித்தார். "டாக்டருங்கெல்லாம் உள்ள போங்க. லேடீஸெல்லாம் மாடிக்குப் போங்க, கோலப்போட்டி ஆரம்பிச்சாச்சு." தெய்வநாயகி தானும் டாக்டர்தான் என்று சொல்ல, அதனால் என்ன, கோலத்தில் டாக்டரம்மாக்களும் கலந்துகொள்ளலாம் என்று அவர் தாராளமாகச் சலுகை தந்தார். அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பேச்சுகளைப் பற்றி என்ன சொல்வது? ஆளுக்குப் பத்து நிமிசம் என்று போட்டிருந்தார்கள், இருபதுக்குக் குறைந்து ஒருத்தரும் இறங்கவில்லை. பிரசவ வலி பேசிய பிரம்மச்சாரி, வலி என்பது பெரும்பாலும் மனம் சார்ந்தது என்று முடித்தார். இருபத்தாறு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தி வாய்விட்டே "அட, கெரகமே!" என்றாள். சென்னியப்பன் வெளிநாட்டுப் படங்களைத் திரையில் ஓட்டினார், இரண்டு தலைகீழாக விழுந்தன. ரத்த அழுத்தம் விழுந்தால் இந்த ஊசிதான் ஒரே மருந்து, மெட்ராஸில் கிடைக்கும் என்றார். அது கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அது ஆண்டவன் உட்ட வழி" என்று சென்னியப்பன் சொல்ல, கைதட்டல் எழுந்தது.

கேட்டவர் ஓமலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் சின்னுசாமி. நாற்பத்தெட்டு வயசு. அந்த ஆஸ்பத்திரியில் கத்தி பிடிப்பவரும் அவரே, ஊசி போடுபவரும் அவரே. வருசா வருசம் மாநாட்டுக்கு வந்து பின்வரிசையில் நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போவார். ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டதும், அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

மணி ஒன்றே முக்கால் ஆனது. கொல்லைப்புறத்தில் பிரியாணி தம் உடைத்த வாசனை மண்டபத்துக்குள் வந்துவிட்டது. பேச்சாளர் பதினொருவருக்கும் பட்டுச் சரிகைபோட்ட பொன்னாடை போர்த்தினார்கள். நன்றி சொல்ல வந்தவளுக்கு ஓர் எலுமிச்சம்பழம். மருதாசலம் அவள் காதில் கிசுகிசுத்தான். "பேரை மட்டும் படிச்சுப்போடுங்க்கா. எல். ஐ. சி. ஏஜெண்டாட்டம் இழுத்துறாதீங்க."

தெய்வநாயகி பழத்தை மைக் பக்கத்தில் வைத்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

"பெரியோர்களே, இந்த மாநாட்டுக்குக் காரணமானவங்க எல்லாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கேன். முதல் நன்றி, ஜேடர்பாளையம் பொன்னாயிக்கு."

மேடையில் சென்னியப்பன் மருதாசலத்தின் பக்கம் சாய்ந்தார். "ஆருய்யா பொன்னாயி? நன்கொடையா?" மருதாசலம் விழித்தான். சமையல்காரியாக இருக்குமோ என்று முணுமுணுத்தான்.

"பொன்னாயி இப்ப உசுரோட இல்லை. ஏழு வருசத்துக்கு முன்னால என் மேசையில செத்துப்போனாங்க. நெஞ்சை அடைக்குது, ஒருக்களிச்சுப் படுத்துக்கட்டுமான்னு என்னைக் கேட்டாங்க. அசையாதேன்னு சொன்னவ நான். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது அவங்க. அதைக் கேக்காம உட்ட பாவி நான்."

பந்திக்கு முந்த வேண்டுமென்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கால்கள்கூட நின்றன. பின்வரிசையில் சின்னுசாமி ஒரு கண்ணைத் திறந்தார்.

பிறகு ஒவ்வொரு நன்றியாகச் சொன்னாள். நாலு வரி எழுதி வைத்த வெளிநாட்டுக்காரருக்கு நன்றி. அந்த நாலு வரி இதுதான் என்று விளக்கினாள். தன் வீட்டுக்காரருக்கு நன்றி, ஏனென்றால் ரிக் ஓட்டுகிற அந்த மனுசர் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டு, "ஓஸ் பைப்பு மேல வண்டி டயரு நின்னா தண்ணி எப்படி வரும்?" என்றார். பெரிய ரத்தக்குழாய்தான் ஓஸ், நிறைமாத வயிறுதான் டயர். வண்டியை நகர்த்தாமல் மோட்டாரை மட்டும் எத்தனை முடுக்கினாலும் ஆகாது, வெளிநாட்டு ஊசியால் செய்வது அதைத்தான் என்றாள். முன்வரிசை ஆசாமிகள் சிலர் ஓரக்கண்ணால் சென்னியப்பனைப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் முகம் கறுத்தது. மேடைக்குக் கீழே பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்டியைப் பார்த்து, மைக்கை நிறுத்து என்று கையால் சாடை காட்டினார். ஆண்டி பார்த்தான். பிறகு பார்க்காதவன் மாதிரி கூரையை அண்ணாந்து பார்த்தான். அவன் பேர் இன்னும் வரவில்லையே! போன வருசமும் இப்படித்தான் கடைசியில் ஏமாந்தான். பேர் வருவதற்குள் மைக்கை நிறுத்த அவனுக்கென்ன பைத்தியமா?

சென்னியப்பனே எழுந்தார். "அம்மிணி, போதும். நேரமாச்சு. எல்லாரும் பசியா இருக்கறாங்க."

ஆண்களை எல்லாம் டாக்டர் என்பவர், நாற்பத்திரண்டு வயசு தெய்வநாயகியை மட்டும் அம்மிணி என்பார். அவள் மைக்கை விட்டு நகராமல், சேலம் ஐந்து ரோடு வரை கேட்கிற குரலில் சொன்னாள். "தலைவர் ஐயாவுக்கு இன்னும் நன்றியே சொல்லலீங்களே. சொல்லாம எப்படிங்க முடிக்கறது?"

நன்றி சொல்லப்படாமல் போவதா! சென்னியப்பன் தயங்கினார். அதற்குள் கர்னல் ரங்கன் தலையைத் திருப்பினார்.

"உக்காருங்க, டாக்டர். நிகழ்ச்சி நடக்குது."

சென்னியப்பன் உட்கார்ந்தார்.

"இப்பத் தலைவர் ஐயாகிட்ட ஓர் உதவி கேட்டுக்கறேன்" என்றாள் தெய்வநாயகி. "எத்தனை உசரம் சாய்க்கோணும்னு காட்டறதுக்கு ஒரு துணி வேணுங்க. எனக்கு எலுமிச்சம்பழந்தான் குடுத்தாங்க. உங்க பொன்னாடையைக் கொஞ்சம் தாங்க."

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. கர்னல் சிரிக்கவில்லை. "குடுங்க" என்று ஒரே சொல். சென்னியப்பன் தோளிலிருந்து பொன்னாடை இறங்கியது. தெய்வநாயகி அதை எட்டாக மடித்தாள், சுருட்டினாள், மேசை மேல் வைத்துப் பக்கத்தில் நாலு விரலை நிறுத்திக் காட்டினாள்.

"இவ்வளவுதாங்க. நாலு விரல் உசரம். வலது இடுப்புக்கு அடியில. மெட்ராஸுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், ஆண்டவனையும் தொந்தரவு பண்ண வேண்டாம். அடுத்த நன்றி, என் மேசையில இப்படிப் படுத்த இருநூத்திப் பதினாலு தாய்மாருக்கு. முன்னாடியெல்லாம் பத்துப் பேருக்கு முதுகுல மரப்பு ஊசி போட்டா ஆறு பேருக்கு அழுத்தம் விழுகும். இப்ப ரெண்டு பேருக்குத்தான் விழுகுது. விழுந்தவங்களும் எந்திரிச்சாங்க. அத்தனை பேரும் பிள்ளையைத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போனாங்க."

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். சின்னுசாமிதான். தூக்கம் சுத்தமாகப் போயிருந்தது. "அம்மா, ஊசிக்கு முன்னாடி வெக்கோணுமா, பின்னாடியா?"

"ஊசி போட்டுப் படுக்க வெச்ச ஒடனே. பிள்ளைய எடுக்கற வரைக்கும் எடுக்கப்படாது" என்றாள் தெய்வநாயகி. கடைசி வரிசைக்கு அவள் குரல் நன்றாகவே கேட்டிருந்தது.

அதன் பிறகு மீதி நன்றியை எல்லாம் ரயில் வேகத்தில் ஒப்பித்தாள். கர்னல், தலைவர், பதினொருவர், சமையல்காரர், பத்திரிகைக்காரர். "நிறைவாக, இத்தனை நேரம் மைக்கை நிறுத்தாமல் காத்த ஒலிபெருக்கி ஆண்டி அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி!" ஆண்டி எழுந்து நாலு திசைக்கும் கும்பிடு போட்டுவிட்டு நாட்டுப்பண் தட்டை ஓட விட்டான். அன்றைக்கு அவனுக்கு விழுந்த கைதட்டல் பதினொரு பேச்சாளர்களில் ஒருத்தருக்கும் விழவில்லை.

படி இறங்கும்போது கர்னல் அவள் பக்கத்தில் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினெட்டு நிமிசம். காலையில இருந்து உருப்படியா கேட்டது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். மருதாசலம் மட்டும் "அக்கா, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே!" என்று அழாத குறையாக நின்றான். சென்னியப்பன் அவளோடு பேசவில்லை. அவருக்கு இன்னொரு துக்கமும் சேர்ந்துகொண்டது. மேசை மேலிருந்த பொன்னாடையைக் காணோம். மண்டபத்தையே சலித்தும் கிடைக்கவில்லை. சமையல்காரனைக்கூடச் சந்தேகப்பட்டார்கள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சின்னுசாமி தெய்வநாயகியின் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள்ளிருந்து பொன்னாடையை எடுத்தார். சரிகை பாதி போயிருந்தது. சோப்பு வாசனையும் டிஞ்சர் வாசனையும் கலந்து அடித்தது.

"நாந்தானுங்கம்மா எடுத்துட்டுப் போயிட்டேன். நாலு விரல் உசரம்னு நீங்க மடிச்ச மடிப்புக் கலையாம அப்படியே எடுத்துட்டுப் போனா அளவு தப்பாதேன்னு. அங்க போயி வேற துணியில மடிச்சிருக்கலாம். ஆனா இதுதான் ராசின்னு நர்சுப் புள்ளைங்க உட மாட்டேங்கறாங்க."

"எத்தனை பேருங்க?" என்று கேட்டாள்.

"பதினேழு. மொதல் ஆளு செல்லாயின்னு ஒரு புள்ளைங்க. ஊசி போட்டு அஞ்சாவது நிமிசம், அய்யா நெஞ்சை அடைக்குதுன்னு சொல்லுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சுங்க. மேடையில நீங்க சொன்ன அதே சொல்லு. பாத்தா, பொன்னாடை பீரோவுல இருக்குது, பரபரப்புல நான் வெக்கவே மறந்துபோயிருக்கறேன். ஓடிப் போயி எடுத்தாந்து இடுப்புக்கடியில குடுத்தனுங்க. ரெண்டே நிமிசம். 'இப்பத் தேவலைங்க'ன்னு சொல்லுச்சு."

தெய்வநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழு வருசமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டது. அழுகை வந்தது, அழுதாள். சின்னுசாமி என்ன செய்வதென்று தெரியாமல் பொன்னாடையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தாலும் சொல்லாம எடுத்தது திருட்டுத்தானுங்களே" என்றார் கிளம்பும்போது. "தலைவருக்கு ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிப்போடறேன். பதினேழு பேரு பொழைச்சதையும் எழுதுனா கோவிச்சுக்க மாட்டாரு."

பாவம், நல்ல மனுசன். எழுதியே விட்டார். சென்னியப்பன் கோவிக்கவே இல்லை.

தை பிறந்ததும் மருதாசலத்திடமிருந்து உறை வந்தது. ஏழாம் ஆண்டு மாநாட்டு அழைப்பிதழின் மாதிரி, அச்சேறும் முன் சம்மதம் கேட்டு. தெய்வநாயகி விரலை வைத்து இறங்கினாள். இந்த வருசம் பேச்சாளர் பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் ஆண். முதல் பேச்சே தலைவருடையது. 'கர்ப்பிணிகளின் உயிர் காக்கும் பொன்னாடை முறை: கண்டறிந்தவர் உரை. டாக்டர் சென்னியப்பன்.' கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனைப் பார்த்திருக்கிறோம். இவர் தேங்காயே தன் தோப்பில் காய்த்தது என்கிறார்!

கீழே நன்றியுரைக்கு நேராக டாக்டர் மருதாசலம் பெயர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு நிமிசம் என்று போட்டிருந்தது. அப்படியானால் தன்னைக் கழித்துக்கட்டிவிட்டார்களா என்று மேலே ஏறி வந்து பார்த்தாள். முதல் வரியிலேயே இருந்தாள். 'இறைவணக்கம்: டாக்டர் (திருமதி) தெய்வநாயகி ராசப்பன்.' மருதாசலம் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தான். 'அக்கா, உங்கள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது என்று கமிட்டியில் எல்லோருக்கும் அபிப்பிராயம். மறுக்கக் கூடாது.'

ராசப்பன் எட்டிப் படித்துவிட்டுக் கொதித்தான். "என்ன அக்குரும்பு இது! கிழிச்சுப் போட்டுப் போ அம்மிணி. இவனுக மாநாடும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்."

தெய்வநாயகிக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. முறைக்கு எவன் பேரையாவது வைத்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிற அளவுக்கு அவள் மகானில்லை. போன வருசம் வந்த அறுபது பேரில் துணி சுருட்டி வைத்தவர் சின்னுசாமி ஒருத்தர்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். மீதி ஆட்களுக்கு இந்தப் பொன்னாடைக்காரர் வாயிலிருந்து எந்தப் பக்கத்து இடுப்பு என்றாவது சரியாக வருமா? அந்த நினைப்புதான் அவளை உலுக்கியது. மேசை இழுப்பறையிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். இருநூற்றுப் பதினாலு இப்போது இருநூற்று அறுபத்தொன்று ஆகியிருந்தது. முதல் பக்கத்தில் பொன்னாயி பெயர் தனியாக இருந்தது.

அஞ்சலட்டை ஒன்றை எடுத்து எழுதினாள்.

'அன்புள்ள மருதாசலத்துக்கு, இறைவணக்கத்துக்கு முழுச் சம்மதம். இறைவணக்கத்தின்போது எல்லோரும் எழுந்து அசையாமல் நிற்க வேண்டும் என்று அழைப்பிதழில் தடித்த எழுத்தில் போடவும். கர்னல் ஐயா முதல் வரிசையில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு ஆண்டியையே சொல்லவும், அவருக்கான வணக்கத்தைக் கடைசி அடியில் வைத்திருக்கிறேன். தலைவர் பொன்னாடையோடு வந்தால் நல்லது. பாட்டு கொஞ்சம் நீளம்.'